ராயப்பன் மிச்சம் பிடித்த மின்சாரம்

எழுபத்தொன்பதாம் ஆண்டு எண்ணெய் விலை இரண்டாம் முறையாக எகிறியபோது, சிங்கப்பூரைக் காப்பாற்றும் பொறுப்பு ஜாலான் புசாரில் ராயப்பன் என்ற வயர்மேன் தலையில் வந்து விழுந்தது. எண்ணெய் விற்கிற நாடுகளுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தால் விலையை ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

அதுவரைக்கும் ராயப்பன் உருப்படியான மனிதராகத்தான் இருந்தார். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை கற்றவர். வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்துவிட்டுக் கப்பலேறிய பிறகு, கிம் ஹெங் டவர் என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் மின்சாரப் பராமரிப்பு வேலைக்கு வந்தார். கீழ்த்தளத்தில் கடைகள், நடுவில் அலுவலகங்கள், எட்டாம் மாடியில் கல்யாண விருந்துக்கு வாடகைக்கு விடும் கூடம். பின்பக்க அறையில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. ஊரில் மின்சாரம் போனால் லிஃப்டையும் விளக்குகளையும் அதுதான் தூக்கி நிறுத்த வேண்டும். சனிக்கிழமை காலைதோறும் ராயப்பன் அதைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். கட்டடமே அதிரும். பின்சந்தில் கரும்புகை கிளம்பும். சந்தில் துணி காயப்போட்டவர்கள் மூன்று மொழிகளில் திட்டுவார்கள். ராயப்பன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, டீசல் பார்த்து, மெஷினைத் துடைத்து, கதவைப் பூட்டிவிட்டு, கீழ்த்தளத்தில் ரவூபின் சாப்பாட்டுக் கடையில் தே ஆலியா என்ற இஞ்சித் தேநீர் குடிப்பார்.

மகள் அருள்ஜோதி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அவரோடு வருவாள். வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்று, "ஓடுதாப்பா?" என்று கத்துவாள். "ஓடாம எங்க போகும்?" என்று அவரும் கத்துவார். இதுதான் அப்பாவும் மகளும் வாரம் தவறாமல் பேசிக்கொண்ட பேச்சு.

பிறகுதான் சிக்கன இயக்கம் வந்தது. பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், சந்தை என்று எங்கே பார்த்தாலும் விளக்கை அணை, விசிறியை நிறுத்து என்று சுவரொட்டிகள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் கிடைக்காத தீவு, எல்லாவற்றையும் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். கட்டட மேலாளர் சியாவும் அதைப் பற்றி ஆழமாக யோசித்தார். குளிரூட்டிய தன் அறையில், நடுங்காமல் இருப்பதற்காக ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு யோசித்தார். யோசித்து முடித்ததும் ராயப்பனை வரச் சொன்னார்.

"ராயப்பன், ஃபிரம் டுடே யூ ஆர் அவர் எனர்ஜி ஆபீசர்" என்றார்.

சம்பளம் பழையபடியே இருந்தது. வட்டமாக, பச்சை எனாமல் பூசிய ஒரு பேட்ஜ் மட்டும் கொடுத்தார்கள். ராயப்பனுக்கு அது போதும். வேலை நேரத்தில் குத்திக்கொண்டார், மார்க்கெட்டுக்குக் குத்திக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் குத்திக்கொண்டு போய் நற்கருணை வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பங்குச் சாமியார் அது ஏதோ புதுச் சபையின் அடையாளம் என்று நினைத்து விசாரிக்கவே செய்தார்.

அதற்குப் பிறகு கிம் ஹெங் டவரில் வெளிச்சத்துக்குக் கேடுகாலம். தாழ்வாரங்களில் ஒன்று விட்டு ஒரு பல்பு கழன்றது. கழிப்பறைக்குப் போகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே போனார்கள். குளிர் வெளியே கசிகிறது என்று ஜன்னல்களையெல்லாம் மூடி, திறக்கவே முடியாதபடி விளிம்பெல்லாம் கண்ணாடி ஒட்டுகிற மாவு வைத்து அடைத்தார். சியாவின் அறைக்கு மட்டும் எந்தச் சட்டமும் பொருந்தாது. தலைமைக்கு வியர்த்தால் நிர்வாகம் என்ன ஆவது? கீழே ரவூபின் கடையில் இரண்டு விசிறிகளில் ஒன்று நின்றது.

"அண்ணே, பிரியாணி சாப்புடுறவனுக்கு வேர்க்காதா?" என்றார் ரவூப்.

"வேர்த்தா உடம்புக்கு நல்லது."

"அப்ப ஒங்க மேனேஜர் உடம்ப யாரு பாத்துக்குறது? பாவம் லா அவரு."

ராயப்பன் பேட்ஜைச் சரிசெய்துகொண்டார். அதிகாரிகள் கடைக்காரர்களோடு வாதாடுவதில்லை.

சியாவின் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் தொங்கியது. மாதாமாதம் மின்சாரம், டீசல் இரண்டின் செலவுக் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. கோடு இறங்க இறங்க ராயப்பனின் தலை மேலே ஏறியது. ஆனால் கழற்றுவதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா? ஒரு கட்டத்தில் கழற்ற பல்பு இல்லாமல் போய், கோடு அப்படியே படுத்துவிட்டது. சியா அந்தக் கோட்டையும் ராயப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். ராயப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் படிக்கட்டுகளில் இருந்த அவசர விளக்குகள் கண்ணில் பட்டன. உள்ளே சின்ன பேட்டரி வைத்து, இரவும் பகலும் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு, எப்போதோ வரப்போகிற இருட்டுக்காகக் காத்துக்கிடந்தவை. இத்தனை வருடத்தில் ஒரு தடவையாவது அந்த இருட்டு வந்ததா? இல்லை. ராயப்பன் அவற்றின் வயரைப் பிடுங்கினார். பேட்டரிகள் சத்தமில்லாமல் செத்தன. விளக்குகளைச் சுவரிலேயே விட்டுவிட்டார், பார்க்க நன்றாக இருந்ததால்.

அடுத்தது ஜெனரேட்டர். வாராவாரம் டீசல் குடித்துவிட்டு யாருக்கும் உதவாமல் நிற்கிற மெஷின். சிங்கப்பூரில் கரண்ட் போகாது என்பது ராயப்பனின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது இந்த வரியையும் கடைசியில் சேர்த்துச் சொன்னாரோ என்னவோ. ஒரு சனிக்கிழமை அவர் அதை ஓட்டவில்லை. அடுத்த சனிக்கிழமையும் ஓட்டவில்லை. கோடு மறுபடி இறங்கியது. சந்தில் துணி காயப்போட்டவர்கள் அவரைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்கள். கடமையை விட்டதற்காக ஊர் மெச்சுகிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

அதற்காக மெஷினை அவர் மறந்துவிடவில்லை. வட்டாரக் கட்டட உரிமையாளர்கள் நடத்திய சிக்கனப் போட்டிக்கு நடுவர்கள் வரும் முன்பு, வருடா வருடம் அதற்குப் பச்சை பெயின்ட் அடித்தார். நடுவர்கள் வந்தார்கள், பளபளப்பைப் பார்த்தார்கள், ஒருவர் விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார். ஓட்டிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீசல் வீணாகியிருக்கும். சிக்கனத்தில் சிறந்த கட்டடம் என்று பல்பு வடிவத்தில் ஒரு கோப்பை கொடுத்தார்கள். அசல் கோப்பை சியாவின் அறைக்குப் போனது. அதன் சின்ன நகல் ஒன்று ராயப்பனுக்குக் கிடைத்தது. ரோவல் சாலை அடுக்குமாடி வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"மாதாவுக்குப் பக்கத்துல பல்ப வச்சிருக்கீங்க. அதுக்கும் ஜெபமாலை சொல்லணுமா?" என்று கேட்டாள் மனைவி பிரிஜட். அடுப்படியில் விளக்கு போட அனுமதி இல்லாததால் அரையிருட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

இப்படியே ஐந்தாறு வருடம் ஓடியது. அருள்ஜோதி படித்து முடித்து ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். எண்பத்தைந்தின் கடைசியில் அவளுக்கு வரன் வந்தது. கோயிலில் ஜெபமாலைக் குழு நடத்தும் ரத்தினம்மாதான் கொண்டுவந்தாள். பையன் ஜார்ஜ், கணக்காளர். அப்பா அமலதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புக்கிட் பாத்தோக்கில் புது வீடு.

"பொண்ணோட அப்பா பெரிய பில்டிங்ல எஞ்சினியர் மாதிரின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள் ரத்தினம்மா.

அந்த 'மாதிரி' புக்கிட் பாத்தோக் போய்ச் சேருவதற்குள் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அமலதாஸ் வாசலிலேயே கைகூப்பி, "வணக்கம் எஞ்சினியர் சார்" என்றார். ராயப்பன் வாயைத் திறந்தார். திருத்த வேண்டியது ஒரே ஒரு சொல்தான். வாயை மூடிக்கொண்டு, கோப்பையை எடுத்து வந்து காட்ட உள்ளே போனார்.

"அப்பா, நீங்களே உண்மையச் சொல்லிடுங்கப்பா" என்றாள் அருள்ஜோதி, அவர்கள் போன பிறகு.

"கல்யாணம் முடியட்டும்."

"முடிஞ்சப்புறம் சொன்னா இன்னும் அசிங்கம்பா."

"நீ சும்மா இரு. ஒனக்குத் தெரியாது."

அவருக்குத் தெரிந்தது இதுதான்: உண்மை வெளிப்பட்டால் அவரை யாரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனால் படித்தவர்கள் நிறைந்த அந்த வீட்டில் ஜோதி வயர்மேன் மகளாக, அதுவும் பொய் சொல்லிக் கட்டிவைத்த வயர்மேன் மகளாக, தலையைக் குனிந்துகொண்டு நடமாட வேண்டியிருக்கும். குழம்பில் உப்பு கூடினாலும் அதைத்தான் இழுப்பார்கள்.  அதனால் கல்யாணம் வரைக்கும் அந்த ஆறு மாதமும் சம்பந்தியைச் சந்தித்தபோதெல்லாம் கிலோவாட், எஃபிஷியன்சி, லோட் என்று பொழிந்து தள்ளினார். அமலதாஸும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா எஞ்சினியர் சார்!" என்று கேட்டுக்கொண்டார். நல்ல மாணவர்.

கல்யாணம் அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலையில் கோயிலில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பூசை, தாலி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது. சாயங்கால விருந்து கிம் ஹெங் டவர் எட்டாம் மாடிக் கூடத்தில். ஊழியர் என்பதால் சியா கூடத்தை விட்டுக்கொடுத்திருந்தார். அன்றைக்கு ஒரு நாள் ராயப்பன் சிக்கனத்துக்கு விடுமுறை கொடுத்தார். கழற்றிய பல்புகளையெல்லாம் திரும்ப மாட்டினார். மேடையைச் சுற்றி வண்ண விளக்குச் சரங்கள். குளிரூட்டி முழு வேகத்தில் ஓடியது. கோட்டு போட்டு, கோட்டில் பேட்ஜ் குத்தி, கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தபோது அவருக்கே கண் கூசியது.

ரவூப்தான் பிரியாணி. கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கரியடுப்பு மூட்டி, பெரிய சட்டிகளில் தம் போட்டிருந்தார்.

"அண்ணே, மேல சூடு பண்ற மெஷின் இருக்கு, கரி வேணாம்னு சொன்னீங்களே. நா கரியிலயே போட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"இந்தக் காலத்துல கரியா, ரவூப்? ஒன்னத் திருத்த முடியாது."

"முடியாதுண்ணே" என்று ஒப்புக்கொண்டு, ரவூப் சட்டிகளை ஒவ்வொன்றாக லிஃப்டில் ஏற்றி அனுப்பினார்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வந்துவிட்டார்கள். சம்பந்தியும் அவர் மனைவியும் பங்குச் சாமியாரை அழைத்துக்கொண்டு சற்றுப் பிந்தித்தான் வந்து சேர்ந்தார்கள். கீழே லிஃப்டில் அவர்களோடு கடைசிப் பிரியாணிச் சட்டியும், அதைப் பிடித்துக்கொண்டு ரவூபின் ஆள் ஒருவனும் ஏறினார்கள். மேலே ராயப்பன் அதற்குள் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டார். வரவேற்பு என்று தொடங்கியது கட்டடத்தின் பெருமைக்குள் நழுவிவிட்டது.

"அன்பார்ந்த பெரியோர்களே! நீங்கள் அமர்ந்திருக்கும் இந்தக் கட்டடம், எரிசக்தித் துறையில் இந்த வட்டாரத்துக்கே…"

வட்டாரத்துக்கே என்ன என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. ரயில் பாதைக்கும் சாக்கடைக்குமாக ஊர் முழுவதையும் தோண்டிப் போட்டிருந்த வருடம் அது. எங்கே எந்த இயந்திரம் எந்தக் கேபிளைக் கடித்ததோ, விளக்குகள் மொத்தமாக அணைந்தன. குளிரூட்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஜாலான் புசார் முழுக்க இருட்டு.

யாரும் பயப்படவில்லை. அதுதான் கொடுமை.

"இருங்க, இருங்க. எஞ்சினியர் பில்டிங். ஜெனரேட்டர் வந்துடும்" என்றது மாப்பிள்ளை வீட்டுக் குரல் ஒன்று. எல்லாரும் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள். ராயப்பனும், செத்துப்போன ஒலிவாங்கியைப் பிடித்தபடி, எல்லாரோடும் சேர்ந்து காத்திருந்தார். ஏதாவது அற்புதம் நடந்து ஓடாத மெஷின் ஓடிவிடாதா என்று அவர் அந்தோணியாரை வேண்டிக்கொண்டார். காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அந்தோணியாரின் வேலை. தானாகத் தொலைத்ததை அவர் தேடித் தருவதில்லை போலும்.

கூடம் சூடேறத் தொடங்கியது. ஜன்னலைத் திறக்கப் போனவர்கள் தள்ளிப் பார்த்தார்கள், குத்திப் பார்த்தார்கள். மாவு இறுகிக் கல்லாகியிருந்தது. நல்ல வேலைப்பாடு. பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் நனைந்தன. கேக்கின் மேல்தட்டு மெதுவாக ஒரு பக்கம் சரிந்தது. அப்போதுதான் ஒரு பெண் படபடப்போடு உள்ளே வந்தாள்.

"லிஃப்டுக்குள்ள சத்தம் கேக்குது! யாரோ மாட்டிக்கிட்டாங்க!"

மாட்டிக்கொண்டது யார் என்று ராயப்பனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேடைக்கு இன்னும் வராத மூன்று பேர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பிரிஜட் பதற்றப்படவில்லை. காலையில் கோயிலில் கொளுத்திய மெழுகுவத்திகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்; மிச்சம் பிடிக்கிற பழக்கம் அவளையும் தொற்றியிருந்தது, ஆனால் உபயோகமான வகையில். அவற்றை ஏற்றி ஆளுக்கொன்று கொடுத்து, பிள்ளை குட்டிகளையும் வயதானவர்களையும் படி வழியாகக் கீழே இறக்கத் தொடங்கினாள்.

ராயப்பன் அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு வளைவிலும் சுவரில் ஒரு அவசர விளக்கு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு படியில், சேலைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்தபடி அருள்ஜோதி ஜார்ஜோடு நின்றாள். லிஃப்டுக் கதவுக்கு அருகில் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவுலப்பா. மாமா பேசுறாரு. நல்லாத்தான் இருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஓடுதாப்பா?" என்றாள்.

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப்போனார்.

ஜெனரேட்டர் அறையில், கையோடு கொண்டுவந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில், மெஷின் புதுப்பெண் மாதிரி மினுமினுத்தது. பொத்தானை அமுக்கினார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். இன்னொரு முறை அமுக்கினார். அந்த 'டக்' கூட வரவில்லை. பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈரத்துக்கு ஒரு சொட்டு இல்லை. ஐந்து வருடத்தில் அது குடிக்க வேண்டிய தண்ணீரையும் அவர் சேமித்திருந்தார்.

வாசலில் ரவூப் நின்றார். கையில் பெட்ரோமாக்ஸ் விளக்கு, பழைய காலத்துச் சாமான், உஸ்ஸென்று எரிந்தது.

"என்னண்ணே, எந்திரிக்கலையா?"

"எந்திரிக்காது ரவூப். விளக்கோட மேல வா. மொட்டை மாடிக்கு."

அதிகாரி செத்து வயர்மேன் உயிர்பெற்றது அந்த நிமிடம்தான் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அவருக்கு மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மின்சாரம் இல்லாதபோது லிஃப்டைக் கையால் நகர்த்த ஒரு வழி இருந்தது. மொட்டை மாடி மோட்டார் அறையில் ஒருவர் பிரேக்கைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் பெரிய சக்கரத்தைச் சுற்ற வேண்டும். செம்பவாங்கில் கற்றது. கோட்டைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார்.

"நான் சொல்லும்போது தூக்கு. சொல்லும்போது விடு."

"பிரியாணி கிண்டுற கைண்ணே இது. எவ்ளோ நேரம்னாலும் புடிப்பேன்."

சக்கரம் முரண்டு பிடித்தது. பிறகு ஒரு கை அகலம், இன்னொரு கை அகலம் என்று அசைந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கக் கிரீஸ். இரும்புக் கயிற்றில் மாடிக்கு மாடி பூசியிருந்த மஞ்சள் அடையாளம் சரியான இடத்துக்கு வந்ததும், "விடு!" என்று கத்தினார். ஆறாம் மாடிக்கு இறங்கி ஓடி, சாவி போட்டுக் கதவைப் பிளந்தார்.

முதலில் பிரியாணி வாசனை வந்தது. அதன் பின்னால் வியர்வையில் குளித்த சாமியார், சம்பந்தியம்மாள், சட்டியைப் பிடித்திருந்த ஆள், கடைசியாக அமலதாஸ். கதவருகே ஜார்ஜும் ஜோதியும் மெழுகுவத்தியோடு நின்றார்கள். அமலதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரில் நின்ற கரி உருவத்தைப் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி, இங்க ஜெனரேட்டர் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் ஓடல?"

ராயப்பனுக்கு அந்த ஆறு மாதமாகப் பழகிய எல்லாப் பெரிய சொற்களும் தயாராக இருந்தன. வாயில் வந்தது வேறு.

"மிச்சம் பண்ணிட்டேன்" என்றார்.

 இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. சாமியாரும் பக்கத்திலேயே நிற்கிறார்; பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"இன்னொண்ணும் சொல்லிடுறேன். நான் எஞ்சினியர் இல்லீங்க. வெறும் வயர்மேன். எம் மேலதான் தப்பு. எம் பொண்ண ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"அது எங்களுக்குத் தெரியுமே" என்றார் அமலதாஸ்.

"தெரியுமா?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே ஜோதி சொல்லிடுச்சு. நீங்க உள்ள போயி அந்தக் கோப்பைய எடுத்துட்டு வர்றதுக்குள்ள."

ராயப்பன் மகளைப் பார்த்தார். அவள் மெழுகுவத்தியைப் பார்த்தாள்.

"அப்ப ஆறு மாசமா எஞ்சினியர் சார், எஞ்சினியர் சார்னு…"

"நீங்க அவ்ளோ ஆசையா பேசுனீங்க. நிறுத்தச் சொல்ல எங்களுக்கு மனசு வரல." அமலதாஸ் குரலில் குத்தல் ஏதுமில்லை. குத்தியிருந்தால்கூட ராயப்பன் தாங்கியிருப்பார். "ஜோதி அன்னிக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. 'எங்கப்பா வயர்மேன்தான் மாமா. ஆனா எங்கப்பா பாத்துக்கிற மெஷின் நிக்காது'ன்னு சொல்லிச்சு. அத நம்பித்தான் உள்ள ஃபாதர்கிட்ட, பயப்படாதீங்க, இந்தா ஜெனரேட்டர் வந்துடும், இது எங்க சம்பந்தி பில்டிங்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ராயப்பன் எதை மறைக்க ஆறு மாதம் தூக்கம் கெட்டாரோ, அது யாருக்கும் பொருட்டாக இருக்கவில்லை. அவள் எதை நம்பிப் பெருமையாகச் சொல்லி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாளோ, அதை அவர் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. கிரீஸ் கையால் முகத்தைத் துடைக்கப் போக, ஜோதி அந்தக் கையைப் பிடித்துத் தடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்தாள்.

"பரவாயில்லப்பா. வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அவள் பரவாயில்லை என்றதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

விருந்து பின்பக்கக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. யாரோ கார்களை வட்டமாக நிறுத்தி முன்விளக்கைப் போட்டார்கள். ரவூபின் பெட்ரோமாக்ஸ் நடுவில் எரிந்தது. சட்டிகளை ஆள் மாற்றி ஆள் படி வழியாகக் கீழே இறக்கினார்கள். அடுப்பில் மிச்சமிருந்த கரியில் பிரியாணி சூடாகவே இருந்தது. எரிசக்தி அதிகாரி யாரும் மேற்பார்வை செய்யாததால் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று ரவூப் பிற்காலத்தில் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லுவார், ராயப்பன் முன்னாலேயே.

திங்கட்கிழமை ராயப்பன் புதுப் பேட்டரி வாங்கினார். வாரம் முழுக்க அந்த அறையில்தான் கிடந்தார். படிக்கட்டு விளக்குகளுக்கு உயிர் கொடுத்தார், கூடத்து ஜன்னல்களின் மாவைச் சுரண்டி எடுத்தார். தாழ்வாரத்துப் பல்புகளில் பாதியை மட்டும் மறுபடி கழற்றினார். அத்தனை வெளிச்சம் நிஜமாகவே வீண்தான். சனிக்கிழமை காலையில் மெஷினைக் கிளப்பினார். தும்மிக்கொண்டு கிளம்பிற்று, உடனே நின்றது. டீசல் தொட்டி மூடியில் காற்றுப் போகும் சின்னத் துளையை வருடா வருடம் அடித்த பச்சை பெயின்ட் அடைத்திருந்தது. குத்தி எடுக்க ஊசி தேடினார். கிடைக்கவில்லை. சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி, அதன் ஊசியால் குத்தித் துளையைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அந்தப் பேட்ஜ் செய்த ஒரே வேலை அதுதான். அடுத்த மாதம் கோடு மேலே ஏறியதைப் பார்த்துச் சியா அதைத் திருப்பிக் கேட்டபோது, ராயப்பன் வளைந்த ஊசியோடு அப்படியே கொடுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மெஷின் இரண்டாம் தடவை நிற்காமல் ஓடியது. கட்டடம் அதிர்ந்தது. கரும்புகை சந்தில் கிளம்பியது, துணி காயப்போட்டவர்கள் பழையபடி திட்டத் தொடங்கினார்கள். ராயப்பன் சுவரிலிருந்த தொலைபேசியில் புக்கிட் பாத்தோக்குக்கு எண்ணைச் சுழற்றினார். ஜோதிதான் எடுத்தாள். அவர் ரிசீவரை மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தார்.

"ஓடுதாப்பா?" என்று அங்கிருந்து கத்தினாள் ஜோதி. சிரித்தாளா அழுதாளா என்று அந்தச் சத்தத்தில் தெரியவில்லை.

"ஓடுதும்மா" என்று இவரும் கத்தினார். "ஃபோன மாமாகிட்ட குடு. அவரும் கேக்கட்டும்."